வாரம் ஒரு சூ: வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளில் மறைபணியின் வரவும் செலவும்

பாகூரில் 1879-ஆம் ஆண்டு செப்பேடுகள் சில கண்டெடுக்கப்பட்டன. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டவை அவை. நிலைதாங்கி என்னும் குறுநிலத் தலைவன் மன்னனிடம் வேண்டிப் பெற்று, மூன்று ஊர்களைப் பாகூரிலிருந்த வித்தியாஸ்தானம் என்னும் உயர்கல்விச் சாலைக்கு அறமாக அளித்த செய்தியை அவை வடமொழியிலும் தமிழிலும் கூறுகின்றன. கற்பிப்போரும் கற்போரும் உண்பது எங்ஙனம் என்ற வினாவுக்கு அக்காலம் தந்த விடை இது. நிலம் விளையும், விளைவில் ஒரு பங்கு சாலைக்குச் சேரும், ஏரி நிரம்பும் காலமெல்லாம் கல்வியும் நிலைக்கும்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் அதே வினா அதே மண்ணில் மீண்டும் எழுந்தது. இம்முறை அதனை எதிர்கொண்டவர்கள் கடல் கடந்து வந்த பிரெஞ்சுக் குருமார்கள். அவர்களுக்கு மன்னன் விட்ட இறையிலி நிலம் இல்லை. உற்றார் உறவினர் இல்லை. ஆயினும் அவர்களும் உண்ண வேண்டியிருந்தது. உபதேசியாருக்குப் படியளக்க வேண்டியிருந்தது. கோயிலுக்குக் கூரை வேய வேண்டியிருந்தது. அச்செலவை ஏற்றவர் யாவர் என்ற வினா வெறும் கணக்கு வினா அன்று. கொடுத்தவர் கை எங்கிருந்ததோ, அங்கேயே முடிவெடுக்கும் உரிமையும் இருந்தது என்பதால், அது ஒரு சமுதாயத்தின் தன்னுரிமை பற்றிய வினாவும் ஆகும்.

வீராம்பட்டினத்துச் சாலை

வெளிநாட்டு மறைபணிக்கென 1658-இல் தோன்றிய பாரிசு சபை, புதுச்சேரி மண்ணில் முதலில் வேரூன்றியது தமிழர்க்காக அன்று என்பது பலரும் அறியாத செய்தி. அச்சபை சீயத்தின் தலைநகரான அயோத்தியாவில் ஆசிய இளைஞர்களைக் குருக்களாக்கும் கல்லூரி ஒன்றை நடத்திவந்தது. 1767-இல் பர்மியப் படையெடுப்பால் அந்நகர் அழிந்தது. இடம் விட்டு இடம் பெயர்ந்த அக்கல்லூரி, 1770-இல் புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பத்தை அடுத்த வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊரில் வந்து தங்கியது. அதன் தலைவராயிருந்த பிஞ்ஞோ தெ பெஹேன் பிற்காலத்தில் வியத்நாம் அரசியலிலும் பெரும்பங்கு கொண்டவர். அவருடைய புகழ்பெற்ற அன்னாமிய - இலத்தீன் அகராதி கையெழுத்துப்படியாக உருவானதும் இக்கடற்கரைக் காலத்திலேதான். சீன, வியத்நாமிய, சீய மாணவர்கள் தமிழ்க் கடற்கரையில் இலத்தீன் இலக்கணம் பயின்ற காட்சி எண்ணிப் பார்க்கத்தக்கது.

1780-களின் தொடக்கத்தில் அக்கல்லூரி மூடப்பட்டது. பின்னர் பினாங்குத் தீவில் அது மறுபிறவி எடுத்தது. அயல்நாட்டுக் குருவை என்றென்றும் அனுப்பிக்கொண்டிருப்பதைவிட, அந்தந்த நாட்டிலேயே குருக்களை உருவாக்குவதுதான் சபையின் முதல் நோக்கம். அந்நோக்கத்துக்கு இடம் தந்த மண்ணிலேயே, அந்நோக்கம் நிறைவேற மிக நெடுங்காலம் ஆயிற்று என்பது வரலாற்றின் முரண்.

இதற்கிடையில் 1773-இல் இயேசு சபையைத் திருத்தந்தை பதினான்காம் கிளமெந்து கலைத்தார். அச்சபையார் நடத்திவந்த கருநாடக மறைப்பணி 1776-இல் பாரிசு சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. சீயத்தில் ஆயராயிருந்த பிரிகோ ஆண்டகை அதன் தலைமையை ஏற்றார். 1783-இல் ஏற்பட்ட வெர்சாய் உடன்படிக்கையோ, புதுச்சேரியைச் சூழ்ந்த வில்லியனூர், பாகூர் மாகாணங்கள் பிரெஞ்சுக்காரர்க்கு உரியவை என உறுதி செய்தது. அரசு ஒருபுறமும் குரு மறுபுறமுமாக, இரண்டு பிரெஞ்சு நிறுவனங்கள் ஒரே காலத்தில் இவ்வூர்களுக்குள் அடியெடுத்து வைத்தன. எனினும் இரண்டின் கருவூலமும் ஒன்றன்று. நகரிலிருந்த ஐரோப்பியர்க்கும் கலப்பினத்தார்க்கும் திருப்பணி புரிந்த குருமார் வேறொரு தலைமையின்கீழ் இயங்கினர். அவர்களுக்கே அரசின் ஆதரவு கிட்டியது. தமிழ்க் கிறித்தவரிடையே உழைத்த பாரிசு சபைக் குருமார் தம் வழியைத் தாமே தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று.

பணம் நின்றுபோன காலம்

1789-இல் வெடித்த பிரெஞ்சுப் புரட்சி அந்த வழியையும் அடைத்தது. பாரிசிலிருந்த சபையின் குருமடம் பறிமுதலாயிற்று. 1793-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றினர். 1816-இல்தான் அது திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட ஏறத்தாழ கால் நூற்றாண்டு, பிரான்சிலிருந்து ஆளும் பொருளும் வருவது பெரிதும் நின்றுபோயிற்று.

அக்காலத்துக்கு எடுத்துக்காட்டாக நிற்பவர் அபே துய்புவா. 1792-இல் குருப்பட்டம் பெற்றுப் புதுச்சேரிக்கு வந்த அவர், பின்னர் மைசூர்ப் பகுதியில் நெடுநாள் வாழ்ந்தார். இந்திய உடை உடுத்தார், புலாலை விலக்கினார். இதனைப் பண்பாட்டு இணக்கம் என்று மட்டும் சொல்லுதல் பொருந்தாது. உள்ளூர் மக்களின் கையிலிருந்து உண்பவன் உள்ளூர் மக்களைப் போலவே உண்ண வேண்டும் என்னும் வாழ்க்கைத் தேவையும் அதனுள் அடங்கியிருந்தது. இந்திய மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய கையெழுத்துப்படியை ஆங்கிலக் கம்பெனி 2,000 நட்சத்திர வராகன் கொடுத்து வாங்கியது. வராகனுக்கு மூன்றரை ரூபாய் எனக் கொண்டால் அது ஏறத்தாழ 7,000 ரூபாய். 1823-இல் தாய்நாடு திரும்பிய அவருக்குக் கம்பெனி ஓய்வூதியமும் அளித்தது. தாம் வாழ்ந்த மக்களைப் பற்றிய எழுத்தே ஒரு குருவுக்கு வாழ்வூதியம் ஆயிற்று. எழுத்துக்கும் வயிற்றுக்குமான இவ்வுறவு அவரோடு முடியவில்லை.

இலியோன் நகரத்துச் செப்புக்காசு

துய்புவா இந்தியாவை விட்டு நீங்குவதற்கு ஓராண்டு முன்னர், 1822 மே 3-ஆம் நாள், பிரான்சின் இலியோன் நகரில் விசுவாசப் பரப்புதல் சங்கம் தோன்றியது. அதற்கு வித்திட்டவர் போலின் ழரிக்கோ என்னும் இளம்பெண். அவர் வகுத்த திட்டம் மிக எளியது. ஒவ்வொருவரும் வாரம் ஒரு சூ தர வேண்டும். சூ என்பது ஐந்து சதிமம். இருபது சூ சேர்ந்தால் ஒரு பிராங்க். பத்துப் பேருக்கு ஒருவர் பொறுப்பு. அத்தகைய பத்துக் குழுக்களுக்கு மற்றொருவர் பொறுப்பு. முதலில் கொடுத்தவர்களுள் பட்டாலையில் உழைத்த பெண்கள் பலர். அதே இலியோனில்தான் 1831-இல் பட்டு நெசவாளர்கள் கூலி போதாமல் கிளர்ந்தெழுந்தனர் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். கொடுத்த கை செல்வர் கை அன்று. 1843-இல் தோன்றிய திருப்பாலர் சங்கமோ, பிரெஞ்சுச் சிறுவர்களிடம் மாதம் ஐந்து சதிமம் திரட்டி, ஆசியச் சிறுவர்களின் காப்பகங்களுக்கு அனுப்பிற்று.

ஓர் இலியோன் தொழிலாளி ஆண்டு முழுதும் கொடுத்தது 52 சூ. அதாவது 2 பிராங்க் 60 சதிமம். 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு ரூபாய் ஏறத்தாழ இரண்டரைப் பிராங்குக்குச் சமம். ஆகவே பட்டாலைத் தொழிலாளி ஒருவரின் ஓராண்டுக் கொடை வில்லியனூருக்கு வந்து சேர்ந்தபோது ஒரு ரூபாய்க்குச் சற்று மேலாக இருந்தது.

செலவின் வகைகள்

பாரிசு சபைக் குரு வாழ்நாள் முழுமைக்குமாகப் புறப்பட்டு வந்தவர். மனைவி மக்கள் இல்லை. திரும்பும் பயணம் வழக்கில் இல்லை. பாரிசுக் குருமடத்தில் விடைபெறும் நாளில், இருப்பவர்கள் செல்பவர்களின் பாதங்களை முத்தமிடுவர். அச்சடங்குக்கான வழியனுப்புப் பாடலுக்கு இசையமைத்தவர், அங்கு இசைப்பணி புரிந்த குனோ. 1869-இல் சூயசுக் கால்வாய் திறக்கப்படும் வரை நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வர மாதக்கணக்காயிற்று. கால்வாய் திறந்தபின் ஏறத்தாழ ஒரு மாதத்தில் வந்து சேர முடிந்தது. ஒருவழிப் பயணச் செலவு ஒன்றே. மற்றது சோற்றுச் செலவு.

ஆனால் வழிபாட்டின் செலவு வேறு வகைப்பட்டது. திருப்பலிக்குக் கோதுமை அப்பமும் திராட்சை இரசமும் இன்றியமையாதவை. பாகூர் ஏரி பாயும் நெல்வயலில் இரண்டும் விளைவதில்லை. திருமுழுக்குத் தைலத்துக்குரிய ஒலிவ எண்ணெயும் அவ்வாறே. ஏழை ஊரின் எளிய வழிபாடும் கப்பலை எதிர்பார்த்தே நடந்தது.

இவற்றினும் பெரிது உபதேசியாரின் செலவு. பல ஊர்களுக்கு ஒரே குரு. அவர் வராத நாள்களில் செபம் சொல்லிக்கொடுத்தவரும், சாகக் கிடந்தோரின் அருகிருந்தவரும், திருமண ஓலை எழுதியவரும், வழக்குத் தீர்த்தவரும் உபதேசியாரே. அவருக்குக் குருவின் கையிலிருந்து ஒரு சிறு தொகை. ஊரார் களத்திலிருந்து ஒரு படி நெல். முன்னது பிராங்குக் கணக்கில் ஏறியது. பின்னது எக்கணக்கிலும் ஏறவில்லை. கீற்று முடைந்த கை, சுண்ணாம்பு குழைத்த கை, விளக்குக்கு எண்ணெய் வார்த்த கை ஆகிய யாவும் அவ்வாறே. மறைபணியின் செலவில் ஒரு பாதி இலியோனில் எழுதப்பட்டது. மறுபாதி எழுதப்படாமலே கொடுக்கப்பட்டது.

பஞ்சத்தில் எழுந்த கோபுரம்

இவ்விரு பாதிகளும் ஒன்றுகூடி நிற்கும் இடம் வில்லியனூர். திருக்காமீசுவரர் கோயிலால் பழம்பெருமை பெற்ற ஊர் அது. அக்கோயிலின் தேரைப் பிரெஞ்சு ஆளுநரே வடம் பிடித்துத் தொடங்கிவைத்த மரபும் உண்டு. அவ்வூரில் 1876 - 1877-இல் தூய லூர்து அன்னையின் திருத்தலம் எழுந்தது. பிரான்சு நாட்டு லூர்து நகரில் 1858-இல் நிகழ்ந்ததாகக் கூறப்படும் காட்சிகளுக்குப் பின் இருபது ஆண்டுகள்கூட நிறையவில்லை. அன்னையின் சுரூபம் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது. 1886-இல் லவுணான் ஆண்டகை திருத்தந்தையின் பெயரால் அதற்கு முடிசூட்டினார்.

கட்டுமான ஆண்டுகளை நோக்கினால் நெஞ்சு திடுக்கிடும். 1876-இல் மழை பொய்த்தது. தொடர்ந்து 1878 வரை தென்னாட்டைத் தாது வருடப் பஞ்சம் சூறையாடிற்று. ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியில் மட்டும் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது மதிப்பீடு. எல்லைக்கு அப்பால் சென்னை மாகாண நிவாரண வேலைகளில், 1877-இன் தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த கூலி, ஆண் ஒருவனுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். இலியோன் தொழிலாளியின் ஓராண்டுக் கொடை, பஞ்சக் கூலியாளின் பதினேழு நாள் காசுக் கூலிக்கு ஈடாயிற்று. அதே காலத்தில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகள் ரெயூனியோன் முதலிய தீவுகளுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தனர். சுரூபத்தைச் சுமந்துவந்த கடல்வழியிலேயே வறியவர் கூட்டம் வெளியேறியது.

பஞ்ச காலத்தில் கோயில் கட்டியது தகுமா என்ற வினா எழுதல் இயல்பு. வேலை கொடுத்துச் சோறு அளித்த கட்டுமானம் அது என்று கூறுவோர் உளர். கல்லுக்குச் செலவிட்டது அரிசிக்கு ஆகியிருக்கலாம் என்று கருதுவோரும் உளர். பஞ்சத்தின் போதும் அதன் பின்னும் மறைமாநிலத்தின் வட பகுதிகளில், குறிப்பாகச் சேத்துப்பட்டு வட்டாரத்தில், தரா அடிகளாரின் காலத்தில், ஒடுக்கப்பட்ட மக்கள் பெருந்தொகையாகத் திருமுழுக்குப் பெற்றனர். அவர்களைச் சோற்றுக் கிறித்தவர் என்று ஏளனம் செய்தல் எளிது. ஆனால் சோறு மறுக்கப்பட்டவனுக்குச் சோறு அளிப்பதும் ஒரு செய்தியே. அச்செய்தியை அவன் தன் அறிவால் எடைபோட்டான் என்பதை ஏளனம் செய்வோர் எண்ணுவதில்லை.

மடலும் அச்சும்

பணம் தானாக வரவில்லை. மடல் எழுதினால் வந்தது. குருமார் எழுதிய மடல்களை இலியோன் சங்கம் தன் ஆண்டு மலர்களில் அச்சிட்டுச் சந்தாதாரர்க்கு வழங்கியது. படித்தவர் மனம் உருகினால் அடுத்த வாரத்துச் சூ உறுதி. எனவே மடல் எழுதியவருக்கு ஓர் இக்கட்டு நேர்ந்தது. தம் மக்களின் அறிவையும் கலையையும் பெருமையாக எழுதினால் இரக்கம் குறையும். இருளையும் வறுமையையும் எழுதினால் நிதி பெருகும். சில மடல்களில் தமிழ்நாடு இருண்டு காட்சியளிப்பதற்கு எழுதியவரின் நம்பிக்கை மட்டும் காரணம் அன்று. கூரை வேயக் கீற்று வாங்க வேண்டிய கட்டாயமும் காரணம். எவருக்காக எழுதுகிறோம், எவர் காசில் எழுதுகிறோம் என்பவை எழுத்தின் நிறத்தையே மாற்றும் என்பதற்கு, கவிஞர்களும் எழுத்தாளர்களும் கருதத்தக்க சான்று இது.

அதே நிதியின் மற்றொரு முகமும் மறைக்கத்தக்கதன்று. 1840-ஐ ஒட்டிப் புதுச்சேரியில் நிறுவப்பட்ட மாதா கோயில் அச்சகம் தமிழுக்குச் செய்த தொண்டு பெரிது. அதற்கு உயிராயிருந்தவர் துப்புய் அடிகளார். 1851 முதல் 1853 வரை வீரமாமுனிவரின் தேம்பாவணி மூன்று தொகுதிகளாக அங்கு அச்சேறியது. முசே, துப்புய் ஆகிய இருவரும் தொகுத்த தமிழ் - பிரெஞ்சு அகராதி 1855-இல் வெளிவரத் தொடங்கியது. துப்புய் அடிகளார் 1844-இல் தொடங்கிய தமிழ்க் கன்னியர் சபை, பெண்கல்வியை எண்ணிப் பாராத காலத்தில் பெண்களுக்கு எழுத்தறிவித்தது. ஏடுகளில் கிடந்த ஒரு தமிழ்க் காப்பியம் அச்சுருப் பெற்றதில், அதில் ஓர் எழுத்தும் படித்தறியாத இலியோன் பெண்களின் செப்புக்காசுக்கும் பங்கு உண்டு.

ரூபாயும் பிராங்கும்

1873-க்குப் பின் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை சரிந்தது. வெள்ளி நாணயமான ரூபாயும் உடன் சரிந்தது. 1870-இல் ஏறத்தாழ நாற்பது ரூபாய் தந்த 100 பிராங்க், 1900-இல் ஏறத்தாழ அறுபது ரூபாய் தந்தது. தொழிலாளியின் ஆண்டுக் கொடை ஒன்றரை ரூபாய் ஆயிற்று. புதுச்சேரி இருதய ஆண்டவர் ஆலயம் 1902-இல் தொடங்கப்பெற்று 1907-இல் அருச்சிக்கப்பட்டது போன்ற பெரும் கட்டுமானங்களுக்கு இம்மாற்று விகிதமும் துணைநின்றிருத்தல் வேண்டும்.

1914-இல் உலகப்போர் மூண்டது. பிரெஞ்சுக் குருமார் பலர் போர்ப்பணிக்கு அழைக்கப்பட்டனர். போருக்குப் பின் பிராங்க் வீழ்ந்தது. 1928-இல் பொங்காரே அதனை நிலைநிறுத்தியபோது, அதன் மதிப்பு போருக்கு முந்தையதில் ஐந்திலொன்றே. ரூபாயோ 1927-இல் ஒன்றரைச் சில்லிங்காக உயர்த்தி நிறுத்தப்பட்டிருந்தது. இப்போது 100 பிராங்குக்குக் கிடைத்தது பத்தே முக்கால் ரூபாய். வாரம் ஒரு சூ கொடுத்தவரின் ஓராண்டுக் கொடை நாலரை அணாவாகச் சுருங்கியது. வில்லியனூர்க் கோயிலின் விளக்கு எரிவதா, உபதேசியாருக்குப் படி அளப்பதா என்பதைப் பாரிசு நாணயச் சந்தை முடிவு செய்யும் நிலை வந்தது. பிறர் கருவூலத்தைச் சார்ந்த அறம் எவ்வளவு நல்லறமாயினும், அதன் ஏரிக்கு நீர் வரும் கால்வாய் தன் ஊரில் இல்லை.

நூற்றுப் பதினோராண்டு

இவ்வாபத்தை முன்னரே உணர்ந்தோர் இல்லாமல் இல்லை. 1844-இல் பொன்னான் ஆண்டகை புதுச்சேரியில் ஒரு மாமன்றம் கூட்டினார். உள்நாட்டுக் குருக்களை உருவாக்குதலும் மக்கட் கல்வியை விரிவாக்குதலும் அதன் முதன்மை முடிவுகள். அம்முடிவுகளை உரோமைக்கு எடுத்துச்சென்றவர் லூக்கே அடிகளார். 1845 நவம்பரில் உரோமை வெளியிட்ட அறிவுரை, உள்நாட்டவரை ஆயர் பொறுப்புக்கும் தகுதியாக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. உலகத் திருச்சபைக்குப் புதுச்சேரி தந்த குரல் அது.

ஆனால் புதுச்சேரியின் பேராயர் இருக்கையில் அம்புரோஸ் இராயப்பர் அமர்ந்தது 1955-இல். மாமன்றத்துக்கும் அதற்கும் இடையே 111 ஆண்டுகள். தூத்துக்குடியில் 1923-இலேயே திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை ஆயரானார். 1899-இல் புதுவையிலிருந்து பிரிந்த கும்பகோணமும் 1931-இல் தமிழ் ஆயரைப் பெற்றது. தாய் மறைமாநிலம் மட்டும் காத்திருந்தது. அரசியல் ஒரு காரணம். பிரெஞ்சு ஆட்சி இங்கு 1954 நவம்பர் 1 வரை நீடித்தது. சாதி வேற்றுமை தமிழ்க் குருக்களின் தொகையையும் வரவேற்பையும் கட்டுப்படுத்தியமை மற்றொரு காரணம். ஆயினும் நிதி வந்த வழியும் ஒரு காரணமே. பிரெஞ்சு மொழியில் மடல் எழுதிப் பிரெஞ்சு உறவுகளிடம் பொருள் திரட்டக்கூடியவரே பொறுப்பில் இருத்தல் வேண்டும் என்ற எண்ணம், எவரும் வாய்விட்டுச் சொல்லாமலே விதியாயிற்று.

காலம் கணக்கைத் திருப்பி எழுதியுள்ளது. குருக்கள் அருகிவிட்ட பிரான்சு நாட்டுச் சிற்றூர்ப் பங்குகளில் இன்று தமிழ்க் குருமார் பணியாற்றுகின்றனர். அந்நாட்டுக் குளிருக்கும் உணவுக்கும் தம்மைப் பழக்கிக்கொண்டு, அயல்மொழியில் மறையுரை ஆற்றி, ஊருக்கு மடல் எழுதுவோர் இப்போது இவர்களே. வில்லியனூர்த் திருத்தலமோ அயல்நாட்டுச் சூவை எதிர்பார்த்து நிற்பதில்லை. பாஸ்கா காலத் திருவிழாவுக்குச் சமய வேறுபாடின்றி வருவோரின் காணிக்கையே அதற்கு நிலம், அதுவே நீர்.

வாரம் ஒரு சூ என்னும் திட்டத்தை வகுத்த போலின் ழரிக்கோ, தொழிலாளர்க்கென எடுத்த முயற்சி ஒன்றில் ஏமாற்றப்பட்டுப் பொருளிழந்தார். 1862-இல் அவர் இறந்தபோது வறியோர் பட்டியலில் பெயர் பதிந்தவராயிருந்தார். 2022 மே 22-ஆம் நாள் இலியோனில் அவருக்கு அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டது. அவர் பெயராவது நிலைத்தது. களத்தில் ஒரு படி நெல் அளந்து உபதேசியாரின் பசி தீர்த்த பாகூர் உழவர்களுக்கும், கோபுரத்துக்குச் சுண்ணாம்பு சுமந்த வில்லியனூர்ப் பெண்களுக்கும் ஏட்டில் பெயர் இல்லை. நிலைதாங்கியின் கொடையைச் செப்பேடு காத்தது. இலியோன் கொடையை அச்சேடு காத்தது. இவர்களுடைய கொடையைக் காத்து நிற்பவை, அவர்கள் கட்டிய சுவர்களும் அவர்தம் பிள்ளைகள் கற்ற எழுத்துமே ஆகும்.